படியேறிச் சொல்ல வந்தது

மேடையில் வீற்றிருக்கும் பொறியாளர் சங்கத் தலைவர் அவர்களே, வட்டார அலுவலகத் துணைத்தலைவர் அவர்களே, உடன் வேலை பார்த்த தோழர்களே, கர்மூஸ் பகுதி உப்புக்காரர் சந்திலிருந்து வந்து, துக்கத்துக்குத் தரும் சர்க்கரையில்லாக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மக்களே, உங்கள் எல்லோர் மீதும் அமைதி உண்டாகட்டும்.

நம் மூத்த கட்டட ஆய்வாளர், பொறியாளர் லுத்பி பஹ்ராவி மறைந்தார். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஏட்டு அரபியில் அவரைப் புகழ்ந்தார்கள். ஒரு பிழை இல்லை. கடைசி வரிசை தலைகுனிந்து கேட்டது. அந்த அரபி காதில் விழுந்தால் நம் மக்கள் அதைத்தான் செய்வார்கள். செய்தி அதில் வருகிறது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் அதில் வருகிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஆணையும் அதில்தான் வருகிறது. எந்தத் தாய் தன் பிள்ளையை அதில் திட்டினாள்? தீப்பிடித்த வீட்டிலிருந்து எவன் அதில் கத்தினான்?

கடல் உப்பு தின்ற சுவர்கள் இந்த அலெக்சாந்திரியாவில் எங்கெங்கே இருக்கின்றன என்று எங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்கிறோம்? நோட்டீஸ் ஒட்டுகிறோம். "மேற்படி கட்டடம் சரியும் நிலையில் உள்ளமையால் குடியிருப்போர் வெளியேறக் கடவர்." ஒட்டியதும் கடமை முடிந்தது. டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

பஹ்ராவி சார் டீ குடிக்கப் போகவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் அவரோடு லப்பான் பகுதிக்கு ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "போய்யா, அது ஓனர் காசு குடுத்து ஒட்டவச்ச காகிதம். நாங்க குடுக்கிற பழைய கொறஞ்ச வாடகை அவனுக்குக் கசக்குது" என்றாள். சார் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, படிக்கட்டு அதிரத் தெரு அரபியில் கத்தினார்: "ஓனர் திருடன்தாம்மா. அவன் அப்பனும் திருடன்தான். ஆனா தூணு பொய் சொல்லாது. கீழ எறங்கி வா, இந்த வெடிப்புல கைய விட்டுப் பாரு. கை உள்ள போகலேன்னா என்னைச் செருப்பால அடி."

இறங்கி வந்தாள். கையை விட்டாள். சாயங்காலத்துக்குள் வீடு காலியானது. அந்த மழைக்காலத்தில் அது விழுந்தபோது உள்ளே ஒருவரும் இல்லை.

அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன? பொதுமக்களிடம் தெருமொழியில் பேசி அலுவலகத்தின் மாண்பைக் குலைத்தார் என்று கண்டனம். வெளிவேலையிலிருந்து எடுத்து, பழைய காகிதங்கள் அடுக்கிய அறையில் உட்காரவைத்தார்கள். பிறகு கட்டடங்கள் விழுந்தன, உள்ளே ஆட்களோடு. ஒவ்வொரு முறையும் அலுவலகம் சொன்னது: நோட்டீஸ் முறைப்படி ஒட்டப்பட்டிருந்தது.

"நோட்டீஸ் யாருக்கு எழுதறோம் தெரியுமாடா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். "குடியிருக்கிறவனுக்கு இல்ல. விழுந்தப்புறம் விசாரிக்க வர்றவனுக்கு."

துணைத்தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. இந்த மேடையும் இந்தப் புகழுரைகளும் அலுத்துவிட்டன.

போன வாரம் உப்புக்காரர் சந்தில் ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டினோம். சார் யாரிடமும் அனுமதி கேட்காமல் அங்கே போனார். நான்காம் மாடி வரை ஏறினார். படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. நம் வீட்டுப் படியில் போன மனிதர் என்று அந்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் இன்று இங்கே வந்திருக்கிறார்கள். காலையில் அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். எல்லாக் கதவுகளும் பூட்டியிருந்தன. இங்கே கிளம்பி வந்திருந்தார்கள். நோட்டீஸ் மேல் யாரோ பந்தாட்டக்காரன் படத்தை ஒட்டியிருந்தார்கள். கீழ்த்தளத் தூணின் வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை போனது.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். எப்போதிலிருந்து? நான் இப்போதே தொடங்குகிறேன். கண்டனம் வந்தால் வரட்டும்.

கடைசி வரிசையில இருக்கிற ஹம்தி அம்மா, ஒங்களத்தான். தலையக் குனியாதீங்க, நிமிந்து என்னைப் பாருங்க. நீங்க இருக்கிற அந்த வீடு விழப்போகுது. இன்னிக்கோ நாளைக்கோ. ஓனர் சொல்லல, நான் கைய விட்டுப் பாத்துட்டு வந்து சொல்றேன்.

என்ன கேக்குறீங்க? சத்தமா கேளுங்க.

ஆமாம்மா. சார் இதச் சொல்லத்தான் ஏறி வந்தாரு. தண்ணி குடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்திருப்பாரு.

போக எடமில்லேன்னு தெரியும். தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தின் சாவி உங்களிடம்தானே இருக்கிறது? நாற்காலிகளை ஓரமாக அடுக்கினால் எல்லோரும் இங்கே படுக்கலாம். அது உங்கள் இரங்கலாக இருக்கட்டும்.

ஹம்தி அம்மா, யாரும் வீட்டுக்குள்ள போகாதீங்க. பாய் பாத்திரத்த அப்புறம் பாத்துக்கலாம். வீட்ல யாராவது படுத்திருக்காங்களா?

மாமனாரா? எந்த மாடி?

காப்பியக் கீழ வைங்க. வாங்க, போய்த் தூக்கிட்டு வந்துருவோம்.