ஐம்பத்தொன்பதரை வயது

சங்ககிரியில் எடப்பாடி பஸ் கிளம்பியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் புருஷனிடம் சத்தமாகவே சொன்னார்: "இருபத்தேழு வயசுப் பையன், கெழவனானா திங்கறதுக்கு இப்பவே காசு போட்டு வெக்கறானாமா!"

அவர் மடியில் பூவும் பழமும் வெற்றிலையும் நிறைந்த பை. புருஷன் கையில் விமானத் தபாலில் வந்த நீலக் கடிதம்.

"மெதுவாப் பேசு புள்ள. அமெரிக்காவுல அப்படி ஒரு கணக்கு இருக்குதாமா. அதுல போட்டா வருமான வரி கொறையுமாமா."

"நம்ம கெணத்துக்கு மோட்டார் வாங்கக் கேட்டப்ப கையில இல்லைன்னான். இதுக்கு மட்டும் எங்கிருந்துங்க வந்துச்சு? போட்டத எப்ப எடுக்கலாமாம்? அதையும் படிங்க."

"அம்பத்தொம்பதரை வயசுக்கு மேலதானாமா. முன்னாடி எடுத்தா அபராதமாமா."

"அரையாமா அரை! ரெண்டு வருசத்துல வந்தர்றேன்னுதான போனான்? வாரவனுக்கு அம்பத்தொம்பதரை வயசுக் கணக்கு அங்க எதுக்குங்க?"

"வரியக் கொறைக்கத்தான்னு எழுதியிருக்கறானில்ல?"

"வரிதான் உங்க கண்ணுக்குத் தெரியுது. அவன் அங்கயே இருந்துக்கறேன்னு எழுதியிருக்கறது தெரியலையா?"

புருஷன் கடிதத்தை இன்னொரு முறை முழுக்கப் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எடப்பாடியில் இறங்கும்போது அந்த அம்மாள் பூப்பையை அவர் கையில் திணித்தார்.

"பொண்ணு ஊட்டுல, பையன் ரெண்டு வருசத்துல வந்துருவான்னு நீங்களே சொல்லுங்க. என்ற வாயில வராது."