அரை டெசிபல்

உங்கள் மின்விசிறியில் ஓர் இறக்கை லேசாக வளைந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். உங்களுக்குப் பழகிவிட்டது, அதனால் கேட்காது. எனக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டல் கேட்கிறது. நிறுத்தினால் நிதானமாகப் பேசுவேன். புழுக்கமாக இருக்கும் என்றால் வேண்டாம், ஓடட்டும். என் கால் ஆடிக்கொண்டே இருக்கும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறக்காதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் மூன்று வாரமாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. பேசிவிட்டால் சரியாகும் என்று தோன்றுகிறது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது. ரசிகர்களுக்குக் கேட்கும் சத்தத்தைப் பார்த்துக்கொள்பவர் அரங்கத்தின் நடுவில் நிற்பார். எல்லோருக்கும் அவரைத் தெரியும். நான் மேடையோரத் திரைக்குப் பின்னால் நிற்பவன். மேடையில் வாசிப்பவர்கள் காதில் இயர்போன் செருகியிருப்பார்கள்; அதற்குள் எது, எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை ஒலிகளைக் கலக்கும் என் மிக்சர்தான் முடிவுசெய்யும். எங்களுடையது மெட்டல் இசைக்குழு. ஆனால் கிடாருக்கும் டிரம்ஸுக்கும் பின்னால் எண்பது பேர் வயலினும் எக்காளமும் வாசிப்பார்கள், சர்ச் பாடகர்கள்போல ஒரு கூட்டம் பாடும். எண்பது பேரை பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராகக் கூட்டிப்போக முடியுமா? அதெல்லாம் பதிவு. பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் மேடையில் இருக்கும் ஐந்து பேர் காதிலும் ஒரு 'டிக் டிக்' ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் வாசிப்பார்கள். விட்டுவிட்டால் கிடார் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம் என்று கச்சேரி சந்தி சிரித்துவிடும்.

பதினான்கு வருடம் ரூபென்ஸின் காதை நான் பார்த்துக்கொண்டேன். அவன்தான் எங்கள் கிடார்காரன். பிரேசிலில் அந்த வேகத்தில் அவ்வளவு சுத்தமாக வாசிக்க இன்னொருவன் இல்லை. இதை அவனுக்கு ஆகாதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். நாற்பத்து மூன்று வயது, மூட்டுவலி, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை. ஆனாலும் பஸ் குரிச்சிபாவைத் தாண்டியதும் வாளும் டிராகனும்தான் பேச்சு. முன்சீட்டில் அவனும் நானும். நடுவில் வெந்நீர்க் குடுவையும் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர் குடிக்கும் சுரைக்குடுக்கையும். நான் ஊற்றுவேன், அவன் குடிப்பான், பிறகு நான் குடிப்பேன். அவன் மனதில் ஒரு நாடு இருந்தது. கோட்டை, மணிக்கூண்டு, பனிமலை, குதிரைவீரன் எல்லாம் உண்டு. வருடக்கணக்காக அதைக் கட்டிக்கொண்டே இருந்தான்.

"டேய் வால்டிர், டிராகன் என்னத்தத் தின்னும், சொல்லு. ஆடு மாடுன்னு சொன்னேன்னா பஸ்ஸ விட்டு எறக்கிருவேன்."

"சத்தத்தத் தின்னட்டும்" என்றேன் நான். "மொதல்ல மணிச்சத்தம், அப்பறம் பறவைங்க, கடைசியா மனுசங்க பேச்சு."

அவன் குடுக்கையைக் கீழே வைத்தான். பிறகு, "ஏன்டா, நீ மனுசனாடா?" என்று என் முதுகில் ஒன்று வைத்தான். அவன் பாராட்டுவது அப்படித்தான். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. பேப்பர்காரர்கள் இப்போது என்னையே அந்த டிராகன் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. டிராகனுக்குப் பசி. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

போன ஜூன் மாதம், நம் தெற்கில் நல்ல குளிர்காலம். நெடுஞ்சாலையோர பஸ் நிறுத்தத்தில் ஒரு கடை. அவன் ஒரே ஒரு சுற்று மாத்தே குடித்துவிட்டுக் குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது "நன்றி" என்றான். நீங்களும் தெற்கத்திக்காரர், உங்களுக்குத் தெரியும். குடுக்கையைக் கொடுக்கும்போது நன்றி சொன்னால், 'போதும், இனி எனக்கு ஊற்றாதே' என்று அர்த்தம். பதினான்கு வருடத்தில் நாலாவது சுற்றுக்கு முன்னால் அவன் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பிறகுதான் விஷயத்தைச் சொன்னான்.

தனி ஆல்பம் போடப்போகிறான். அந்த நாடு முழுவதையும் பன்னிரண்டு பாட்டாகப் போடப்போகிறான். அடுத்து தொடங்கப்போகும் முப்பத்தொரு கச்சேரிகள் முடிந்ததும் மூன்று வருடம் மேடையே கிடையாது. எல்லா ஒலிகளையும் சேர்த்து முடிக்கும் மிக்சிங் வேலைக்குப் பின்லாந்துக்காரர் ஒருவரிடம் பேசிவிட்டான்.

"நான் பண்றேனே, ரூபென்ஸ். டிராகனே என்னோடதுதான" என்றேன்.

அவன் வாய் நிறைய சீஸ் ரொட்டி. சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீ மேடைக்காரன்டா. இது ஸ்டுடியோ வேலை. இதுக்குக் காது வேணும்."

சொல்லிவிட்டு என் தோளில் கையைப் போட்டு எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

மிக்சரில் லிமிட்டர் என்று ஒரு தடுப்பு உண்டு. எவ்வளவு பெரிய சத்தம் வந்தாலும் ஓர் அளவுக்கு மேல் காதுக்குள் போகவிடாது. முதல் கச்சேரிக்கு ஜோயின்வில்லே போனோம். அன்று மத்தியானம், சோதனை வாசிப்புக்கு முன்னால், ரூபென்ஸின் வரிசையில் மட்டும் அந்தத் தடுப்பை எடுத்தேன். கோபத்தில் எடுத்தேன் என்று உங்கள் உதவியாளர் எழுதியிருக்கிறார். தப்பு. கோபம் என்றால் ஒரே பாட்டில் முடித்திருக்கலாம், ஒரு சொடுக்குப் போதும். அது அநாகரிகம். அவனுக்கு வலித்திருக்கும்.

நான் ஒரு கச்சேரிக்கு அரை டெசிபல்தான் கூட்டினேன். அரை டெசிபல் என்பது யாருக்கும் தெரியாத அளவு. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. அந்த 'டிக் டிக்' சத்தத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கினேன், அவ்வளவுதான். இயர்போனுக்காக இடுப்பில் மாட்டும் சின்னப் பெட்டியில் சத்தம் குறைக்கும் திருகு இருக்கும். கிடார் பட்டை உரசித் திருகு நகராமல் இருக்க அதன்மேல் டேப் ஒட்டுவேன். எல்லா ஊரிலும் எல்லோரும் செய்வதுதான். ஒட்டும்போது அவன் கையைத் தூக்கிக்கொண்டு, தையல்காரரிடம் அளவு கொடுப்பவன்போலப் பொறுமையாக நிற்பான்.

பன்னிரண்டாவது கச்சேரிக்குப் பிறகு அவனே கேட்க ஆரம்பித்தான். வாசித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, விரலை மேலே காட்டுவான். இன்னும் கொஞ்சம் வை என்று அர்த்தம். நான் வைப்பேன். அதனால் பாதிக்கு மேல் அவன் கேட்டுத்தான் கொடுத்தேன் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு முறை விரலைக் கீழே காட்டினான். ஒன்பதாவது கச்சேரி, ரெசிஃபே. முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு தடவை காட்டினான். நான் தலையாட்டினேன். குறைத்தேன், ஒரு பாட்டுக்கு. அடுத்த பாட்டில் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். அவன் கட்டைவிரலை உயர்த்தி நன்றாக இருக்கிறது என்றான்.

பெலேமில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான்: "இந்த ஊர்ல கொசுத் தொல்ல தாங்கல மச்சான். காதுக்குள்ளயே கத்துது. ஒனக்குக் கேக்கல?"

"கேக்குது, கேக்குது" என்றேன்.

இரண்டு பேரும் அவன் அறைக்குப் போய்த் தேடினோம். திரைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், எல்லா இடத்திலும் தேடினோம். நான் கீழே போய்க் கொசுவத்தி வாங்கிவந்து ஏற்றி வைத்தேன். "ஒன்ன மாதிரி ஒருத்தன் கெடைக்க மாட்டான்டா" என்றான். அந்தக் கொசு அவனோடு அடுத்த ஊருக்கும் வந்தது. அதற்கடுத்த ஊருக்கும் வந்தது. பெலேமுக்குப் பிறகு எட்டாவது ஊரில் அவன் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

கச்சேரிகள் முடிந்து இரண்டு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தான். கையில் காது டாக்டர் கொடுத்த தாள். இடதுபுறம் மேட்டில் தொடங்கிய கோடு வலதுபுறம் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. மேல் ஸ்தாயி ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டன, திரும்பி வராது. வருடக்கணக்காக மேடையில் நின்ற பலன் என்று டாக்டர் சொன்னாராம். யாருக்கும் தெரியக்கூடாது என்றான். மனைவி இயாராவுக்குக் கூடத் தெரியக்கூடாது. பின்லாந்துக்காரருக்குத் தெரிந்தால் உலகத்துக்கே தெரிந்துவிடும், அதனால் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"பாட்டுக எல்லாம் மனசுல இருக்குடா, காதுக்கு வரமாட்டேங்குது" என்று என் சமையலறையில் உட்கார்ந்து அழுதான். "இனி நீதான்டா என் காது."

நானும் அழுதேன். நடிக்கவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் வந்ததில்லை.

நான்கு மாதம் வேலை பார்த்தோம். அற்புதமான நான்கு மாதம். அவன் சொல்வான், நான் செய்வேன். "மணி தனியாத் தெரியுதா?" என்பான். "தெரியுது" என்பேன். "வயலின் மேல ஏறுதா?" "ஏறுது." அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், என் முகத்தில்தான் அவனுக்குப் பாட்டு. எனக்குச் சில இடங்களில் வேறு யோசனை இருந்தது. அவன் வைத்ததைவிட நான் வைத்தது நன்றாக இருந்தது. அவனிடம் சொல்லிக் குழப்புவானேன் என்று சொல்லவில்லை.

ஏழாவது பாட்டில் டிராகன் செத்ததும், சத்தமே இல்லாத அந்த நாட்டுக்கு முதல் பறவை திரும்பி வரும். பதினாறு தாளம் அது தனியாகப் பாடும். அதைச் சின்னப் புல்லாங்குழலில் வாசித்தது இயாரா. அவள் மாநில இசைக்குழுவில் குழல் வாசிப்பவள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவளுக்காக அவன் எழுதிய ஒரே இடம் அது. அந்தக் குழலின் ஒலி மிக மேலே இருக்கும். அவன் காதுக்கு எட்டவே எட்டாது. "பறவ வந்துருச்சா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டான். "வந்துருச்சு, ரொம்ப அழகா இருக்கு" என்றேன். நான் அதை முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டேன். டிராகன் செத்த பிறகு அமைதிதான் பொருத்தம் என்பது என் கருத்து. இப்போதும் அதுதான் என் கருத்து.

ஆல்பம் வெளிவருவதற்கு முன் ரசிகர் மன்றத்து ஆட்களை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டுப் போட்டுக்காட்டுவது எங்கள் வழக்கம். அறுபது பேர் வந்தார்கள். பாதிப் பேர் போர்வை மாதிரி அங்கி போட்டுக்கொண்டு, அட்டைவாளோடு. ஏழாவது பாட்டு வந்தது. டிராகன் செத்தது. ரூபென்ஸ் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் எண்ணினான். சரியான இடத்தில் இயாராவின் கையைப் பிடித்தான்.

"இதோ, வந்துட்டா பாரு" என்றான்.

அரங்கில் சத்தமே இல்லை. பதினாறு தாளத்துக்கும் அவன் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு, புன்னகையோடு, இல்லாத பறவையைக் கேட்டுக்கொண்டிருந்தான். சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இயாரா அவனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"வால்டிர், என் பறவ எங்க?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

அவ்வளவுதான். அவள் அவனை வேறு டாக்டரிடம் கூட்டிப்போனாள். வருடக்கணக்கில் கெட்ட காது இல்லை இது, சில மாதத்தில் கெட்டது என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். பிறகு அவள் என் இடத்துக்கு வந்த புது ஆளிடம் மிக்சரைத் திறந்து காட்டச் சொன்னாள். உள்ளே முப்பத்தொரு கோப்பு. ஒவ்வொன்றிலும் தேதி, ஊர், அளவு. ஜோயின்வில்லேயில் ஆரம்பித்து அரை அரையாக ஏறும் படிக்கட்டு. அதை ஏன் அழிக்கவில்லை என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். கச்சேரி முடிந்ததும் அன்றைய அமைப்பைத் தேதிபோட்டுச் சேமிப்பது எங்கள் தொழிலில் பல் தேய்ப்பதுபோல. என் வேலை பார்க்கும் எவனும் கச்சேரிக் கோப்பை அழிக்க மாட்டான், மேடம். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. தடுப்பை எடுத்தது நான். சத்தத்தைக் கூட்டியது நான். என்ன ஆகும் என்று தெரிந்து, முப்பத்தொரு தடவையும் தெரிந்தே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஆல்பத்தை மறுபடி முதலிலிருந்து மிக்சிங் செய்யப்போகிறார்களாம். அந்தப் பின்லாந்துக்காரரிடம் கொடுக்காமல், நான் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். அவருக்கு அந்த நாட்டைப் பற்றி என்ன தெரியும்? ரூபென்ஸும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். அவன் மூன்று வாரமாக எனக்குப் போன் பண்ணவில்லை, கோபம் என்று இயாரா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கோபமெல்லாம் இல்லை, மேடம். பாவம், அவனுக்குப் போனில் பேசினால் சரியாகக் கேட்காது.