பாட்டை முழுங்கிய பெட்டி

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் காலை பஸ்ஸில், திருவிழாக் கச்சேரி முடித்த இரண்டு பேர் என் முன் சீட்டில் இருந்தார்கள். ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கில்லை. அவர்கள்தான் உரக்கப் பேசினார்கள்.

"என் தங்கச்சி பாட்டை உன் பெட்டி முழுங்கிடுச்சுடா," என்றார் தபேலாக்காரர்.

பாஸ் கிடார்காரர் மடியிலிருந்த, கிடார் சத்தத்தைக் கூட்டும் சின்னப் பெட்டியைப் பார்த்தார். "கடையில ரெண்டு இருந்துச்சுண்ணே. ஒண்ணு சத்தத்தை ரெண்டாப் பிரிச்சு, மேடையில நம்ம ஸ்பீக்கருக்கு ஜாஸ்தியா, ஜனங்க கேக்குற மைக்செட்டுக்குக் கம்மியா அனுப்பும். இது பிரிக்காது, ஆனா இடி மாதிரி இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"யாரையாவது பாடவிட்டுக் கேட்டியா?"

"தனியா வாசிச்சுதான் பாத்தேன்."

"மேடையில அவ பாடுனது இதான்டா மொத தடவை."

"தங்கச்சி இன்னாண்ணே சொல்லிச்சு?"

"'நான் வாயசைச்சதாவது நல்லா இருந்துச்சாண்ணா'னு கேட்டா."

பாஸ் கிடார்காரர் பெட்டியை மடியிலிருந்து எடுத்துச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.