விடு என்பதன் முதற்பொருள்

கருத்தரங்கம் நடத்தி முடிப்பவனுக்குக் கடைசியில் மிஞ்சுவது கால்வலிதான். ஆறு வாரம் ஆகியும் நான் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். விசாரணைக் குழு என்று மூன்று பேர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை என் வீடு தேடி வந்திருக்கிறீர்கள். காலை நீட்டியபடி பதில் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள்.

புகாரைப் படித்தேன். என் ஆய்வு மாணவி மாரிசெல்வியின் கட்டுரையிலிருந்து நான்கு பக்கங்களை நான் நீக்கினேன் என்கிறது. உண்மைதான். இதற்கு மூன்று பேர் தேவையில்லை, ஒரு தபாலட்டை போதும். ஆனாலும் நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள். ஏன் என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் நாலு பக்கத்தில் நிற்காது.

முப்பத்தோரு வருடமாக ராஜபாளையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இதுவரை பதினான்கு கருத்தரங்கம் நடத்தியாயிற்று. இந்த முறை தலைப்பு ‘வட்டார வழக்கும் தொழில்சார் மொழியும்’. மலேசியாவிலிருந்து ஓர் அம்மையார் கணினித் திரையில் வாழ்த்துச் சொன்னதால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆயிற்று. தொண்ணூற்றேழு கட்டுரைகள். அதில் பாதியை எழுதியவர்களே படித்திருக்க மாட்டார்கள். சான்றிதழுக்கும் குழுப் படத்துக்கும் வருகிறார்கள், பொன்னாடையைப் பையில் சுருட்டிக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் என் பெயருக்கென்று இருந்தது ஒரே ஒரு பொருள்: பதினெட்டு வருடத்துக்கு முன் நான் தொகுத்த ஆலைச் சொல்லகராதி. நூற்பாலைத் தொழிலாளர்களின் சொற்கள் இரண்டாயிரத்துக்கு மேல். அதன் இரண்டாம் பதிப்பை அந்த மேடையில் வெளியிடுவதாக ஏற்பாடு.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ‘விடு’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘எந்திரத்தில் கை வைக்காதே, அப்படியே இருக்கட்டும்’ என்று பொருள் எழுதியிருக்கிறேன். எனக்குப் பஞ்சுத் தூசி ஆகாது, தும்மல் நிற்காது. அதனால் ஆலைக்குள் போகாமல் வாசலை ஒட்டிய அலுவலக அறையில் உட்கார்ந்துதான் சொல் சேகரித்தேன். சாம்சன் என்ற மேஸ்திரி டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னார்.

“விடுன்னு சொன்னா உடனே விட்டுரணும் சார். செத்த நேரம் சுணங்கக் கூடாது.”

எழுதிக்கொண்டேன். நீங்களும் தமிழ் படித்தவர்கள்தான், பாருங்கள். தண்ணீர் விடு என்றால் திறந்துவிடுகிறோம். அவனை விடு என்றால் கையை எடுக்கிறோம். சாம்சன் சொன்ன ‘விட்டுரணும்’ எந்தப் பக்கம் என்று நான் அவரிடம் திருப்பிக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

போன ஜூனில் தென்காசி சாலையில் ஓர் ஆலையில் விபத்து நடந்தது. ஆலையின் பெயர் வேண்டாம். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் எந்திரத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டது. ஃபிட்டர் தங்கச்சாமி அடைப்பெடுக்கக் கையை உள்ளே விட்டிருந்தார். சுவிட்ச் பக்கத்தில் நின்றவன் காளிராஜ், மம்சாபுரத்துக்காரன், தங்கச்சாமியின் மகள் விஜியைக் கட்டியவன். தங்கச்சாமி கையை எடுத்துவிட்டு ‘விடு’ என்று குரல் கொடுத்தார். காளிராஜ் சுவிட்சைப் போட்டான். அதற்குள் கொஞ்சம் பஞ்சு மிச்சமிருப்பது தங்கச்சாமியின் கண்ணில் பட்டதோ என்னவோ, மறுபடியும் கையை நீட்டிவிட்டார். மூன்றாம் நாள் மதுரையில் இறந்துபோனார்.

‘விடு’ என்று அவர் சொன்னதைப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் யாருக்கும் தகராறு இல்லை. என்ன அர்த்தத்தில் சொன்னார் என்பதுதான் கேள்வி. ஓட்டு என்ற அர்த்தத்தில் என்றால் காளிராஜ் சொன்னதைச் செய்தவன். தொடாதே என்ற அர்த்தத்தில் என்றால் மாமனாரைக் கொன்றவன். ஆலைக்காக விசாரித்த வக்கீல் வெளியூர்க்காரர். கூட வேலை பார்த்தவர்கள், ஓட்டச் சொன்னால்தான் அப்படிச் சொல்வோம் என்றார்கள். சேக்காளிக்காகப் பேசுகிறார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். கல்லூரிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். நான் அகராதியைப் பார்த்து அரைப்பக்கம் பதில் எழுதி முத்திரை குத்தி அனுப்பினேன். அது ஜூலையில். அப்போது எனக்கு வேறொன்றும் தெரியாது. அந்தக் கடிதத்துக்கு என்னைக் குற்றம் சொல்வது நியாயமாகாது, அதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

காளிராஜுக்கு வேலை போயிற்று. அதைவிடப் பெரியது, விஜி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா வேண்டாம் என்று சொல்லியும் இந்த மனுஷன் போட்டுவிட்டானே என்று அவளுக்கு. பேராசிரியரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று ஊரில் சொன்னார்களாம்.

ஆகஸ்டில் மாரிசெல்வி கட்டுரையோடு வந்தாள். தளவாய்புரத்துப் பெண், கொஞ்சம் அழுத்தம். விடுமுறையில் மூன்று மாதம் அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, தூசிக்குள் நின்று, எல்லாரிடமும் சொல்லிவிட்டே பதிவு செய்திருந்தாள். ‘விடு’ நாற்பத்தோரு இடத்தில் வருகிறது. நாற்பத்தொன்றிலும் எந்திரத்தை ஓட்டு என்றே அர்த்தம். தொடாதே என்பதற்கு அவர்கள் சொல்வது ‘கெடக்கட்டும்’. அதில் ஏழு இடத்தில் பேசுகிறவர் தங்கச்சாமி. விபத்துக்கு ஒரு மாதம் முந்திய குரல். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏழையும் கேட்டேன். நல்ல கனமான குரல். விடு என்கிறார், எந்திரம் ஓடுகிறது.

மறு விசாரணைக்கு மனுப் போட இன்னும் ஒரு மாதம் இருந்தது. “இந்த நாலு பக்கத்த மட்டும் குடுத்தாப் போதும் ஐயா, அந்த அண்ணன் தப்பிச்சிருவாரு” என்றாள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது அயர்ச்சிதான். இரண்டாம் பதிப்பு அச்சில் இருந்தது. தலைமை விருந்தினருக்கு டெல்லியிலிருந்து டிக்கெட் போட்டாயிற்று. ஒரு சொல்லில் பிசகினால் மற்ற இரண்டாயிரத்தையும் எவனாவது நோண்டுவான். தும்மலுக்குப் பயந்து வாசலில் உட்கார்ந்து அகராதி எழுதினவன் என்று தேநீர் இடைவேளையில் சிரிப்பார்கள். எனக்கு ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருக்கிறது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு அதைக் கழிக்க என்னால் முடியாது என்று பட்டது.

ஆகவே, பக்கக் கட்டுப்பாடு என்று சொல்லி நான்கு பக்கங்களை எடுத்தேன். ஒலிப்பதிவுகள் துறையின் சொத்து, ஆய்வேடு முடியும்வரை வெளியே போகக் கூடாது, போனால் நான் கையெழுத்துப் போடுவது சிரமம் என்று அவளிடம் பொதுவாகச் சொல்லிவைத்தேன். நான் சத்தம் போடவில்லை. அவளே சொல்வாள். இரண்டாம் நாள் காலை முதல் அமர்வில் இருந்த அவள் பெயரைச் சாப்பாட்டுக்குப் பிந்திய அமர்வுக்கு மாற்றினேன். பாதிப் பேர் தூங்கும் நேரம். அமர்வுத் தலைவர் நானே. அவள் அந்தச் சொல்லுக்கு வரும்போது மணியடித்தேன். நேரம் முடிந்துதான் இருந்தது.

அன்று காலை தேநீர் இடைவேளையில் காளிராஜ் வந்தான். பதிவு மேசைப் பிள்ளைகள் பேராளர் என்று நினைத்து அவனுக்கும் ஒரு பையும் பேனாவும் கொடுத்து, கழுத்தில் அட்டையும் மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்றவும் தெரியாமல் நின்றான். நான் விருந்தினரோடு நின்றுகொண்டிருந்தேன். கும்பிட்டான்.

“எங்க மாமா எப்பவும் அப்படித்தான்யா சொல்லுவாரு. விடும்பாரு, நான் போடுவேன். நீங்க ஒரு வார்த்த எழுதித் தந்தா விஜி வந்துருவா. வேலகூட வேண்டாம்.”

பணிவான பையன். மனுப் போட இன்னும் இருபது நாள் மீதி இருந்தது. மாரிசெல்வியின் நான்கு பக்கங்களும் என் கைப்பைக்குள்தான் இருந்தன. விருந்தினர் யார் என்று கேட்டார். ஆலை நண்பர், என் தகவலாளி என்றேன். பிறகு புதுப் பதிப்பில் ஒரு பிரதி எடுத்து, ‘அன்புடன் நவநீதகிருஷ்ணன்’ என்று கையெழுத்திட்டு, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து அவன் கையில் கொடுத்தேன். எல்லாம் இதில் இருக்கிறதப்பா என்றேன்.

அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். இரண்டு தரம் படித்தான். அச்சில் பார்த்ததும் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். முகத்தில் அது தெரிந்தது. மாமா ஒருவேளை வேண்டாம் என்றுதான் சொன்னாரோ என்று அவன் யோசிப்பதை நான் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். டீ ஆறிக்கொண்டிருந்தது.

புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தான். “சரிங்கய்யா, விடுங்க” என்றான். போய்விட்டான்.

அதற்கு மூன்றாம் நாள் அவன் உயிரோடு இல்லை. தானாகத் தேடிக்கொண்ட சாவு. புத்தகத்தோடு அந்தப் பை ஆணியில் தொங்கியதாம். விஜி அதைக் கல்லூரியில் திருப்பிக் கொடுக்க வந்தபோது மாரிசெல்வியின் கண்ணில் பட்டது. இரண்டு பெண்களும் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த ஏழு பதிவுகளையும் கேட்டார்கள் என்றார்கள். அப்பாவின் குரலை அந்தப் பெண் அப்படிக் கேட்க நேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அதற்குப் பிறகுதான் உங்கள் மேசைக்கு இந்தப் புகார் வந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தேதான் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தேன். நான்கு பக்கங்களும் இந்த அலமாரியில் இருக்கின்றன, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பதிப்புக்குத் திருத்தமும் எழுதிவிட்டேன். ‘எந்திரத்தை ஓட்டு’ என்பதை இரண்டாம் பொருளாகச் சேர்த்திருக்கிறேன், மாரிசெல்விக்கு நன்றியோடு.

முதற்பொருளை எடுக்கவில்லை. பதினெட்டு வருடமாக அதற்கு மேற்கோள் இல்லாமல் இருந்ததுதான் ஒரே குறை, இப்போது அதுவும் தீர்ந்தது. அன்று அவன் வாசலைத் தாண்டுமுன்பே நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்: ‘சரிங்கய்யா, விடுங்க.’ காளிராஜ், ஆலைத் தொழிலாளி, மம்சாபுரம். இனிமேல் அந்தப் பொருள் தவறு என்று யாரும் சொல்ல முடியாது.