பெண் பார்க்க வந்த அன்று கிளி சொன்னது

சிம்மக்கல்லில் ஏறிய டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் கொய்யாப்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்:

“எம் மக கல்யாணப் பேச்சை நிறுத்துனதே எங்க வீட்டுக் கிளிதாண்ணே.”

“என்னய்யா சொல்ற?”

“பொண்ணு பாக்க வந்திருந்தாக. மாப்பிள்ளையோட அத்தை, ‘பையனைப் பிடிச்சிருக்காம்மா’ன்னு கேட்டுச்சு. இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ‘அவளுக்குச் சம்மதம்தான்’னு நானே சொல்லிட்டேன். உடனே கூண்டுல இருந்து, ‘எனக்கு வேணாம்ப்பா, நான் வேலைக்குப் போறேன்ப்பா’ங்குது. அப்படியே எம் மக குரலு! வந்தவுக காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சிட்டாக.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாருமில்லண்ணே. எம் மக எங்கிட்ட தெனமும் சொன்னதுதான். கிளி காதுல விழுந்துருக்கு, எங்காதுல விழல.”

பழங்காநத்தம் என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். முன் சீட்டுக்காரர் பையோடு எழுந்தார்.

“இன்னமும் அதையேதான் சொல்லுதா?”

“இப்ப வேறண்ணே. காலையில அவ வண்டிச் சாவிய எடுத்தாப் போதும், ‘ஆபீஸ் போயிட்டு வாரேன்ப்பா’ன்னு அவளுக்கு முந்தி அது சொல்லிருது.”