அத்தை வீட்டுக்கு அடியில்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்குவேன். அது ஒன்றும் பேராசை இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

நிலக்கரி, எரிவாயு, காற்றாலை என்று இருபத்திரண்டு வருடமாக எரிசக்தி வழக்குகளைத்தான் நடத்தி வருகிறேன். பூமிக்கு மேலே இருப்பது யாருடையது, கீழே கிடப்பது யாருடையது என்று பிரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. மூன்று அனல்மின் நிலையங்கள் என் வாதத்தால் எழுந்தவை. மின்சாரத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஞாயிறுகளில் மனைவியோடு அத்தை வீட்டுக்குப் போவேன். அத்தை என்றால் என் மாமியார். தங்கமான மனுஷி. ஒரே ஒரு பழக்கம்தான். நான் கண்ணயர்ந்ததும் ஃபேனை நிறுத்திவிடுவார். ஒன்பது வருடம் பொறுத்தேன். ஒருநாள் வியர்வையில் குளித்து எழுந்தவன் கேட்டேவிட்டேன்.

"தூங்குற ஆளுக்கு எதுக்கு மாப்பிள்ளை காத்து? தெரியவா போகுது?" என்றார்.

எந்த நீதிமன்றத்திலும் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. எழுந்து போய் ஃபேனை நானே போட்டுக்கொண்டேன்.

அந்த மாதமே என் கட்சிக்காரரான எரிவாயுக் கம்பெனி சோதனைக் கிணறு தோண்ட இடம் தேடியது தற்செயல். வாயு ஓடும் கோடு அத்தையின் படுக்கையறைக்குக் கீழே போவதை வரைபடத்தில் காட்டினேன். கம்பெனி மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "உங்க மாமியார் வீடாச்சே சார்" என்றார்.

"சட்டத்துக்கு ஏதுங்க மாமியார்" என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் பதினான்கு பக்கம். அத்தைக்கு எதையும் மறைக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"வீட்டுக்கு அடியில ஏதாச்சும் இருந்தா எடுத்துக்கறதுக்கு, அத்தை."

"அடியில என்ன இருக்கப் போகுது, மண்ணுதானே. எடுத்துட்டுப் போகட்டும்" என்று பக்கத்துக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார். நடுவில் எழுந்து எனக்குக் காபி கலந்து தந்தார்.

கொல்லையில் இயந்திரத்தை இறக்கி மூன்று வாரம் துளைத்தார்கள். முதல் வாரம் பாத்திரங்கள் அலமாரியில் தாமாகவே நடந்தன. இரண்டாம் வாரம் வீடு தெற்கே சாய்ந்தது. கொஞ்சம்தான். வடக்குச் சுவரோரம் படுத்த அத்தை காலையில் தெற்குச் சுவரோரம் எழுந்தார். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்த நாற்காலியோடு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் வாரம், வாயு இல்லை என்று சொல்லிவிட்டுக் கம்பெனி மூட்டை கட்டியது. குடியிருக்கத் தகுதியற்றது என்று ஒரு பொறியாளர் கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார். தாளைக்கூடச் சாய்வாகத்தான் ஒட்டியிருந்தார்.

அத்தை அழவில்லை. பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே குடிவந்துவிட்டார்.

"கம்பெனிக்காரன சும்மா விடக் கூடாது. நம்ம மாப்பிள்ளையே வாதாடட்டும்" என்றார். மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். எனக்கு மறுக்க மனம் வரவில்லை. வக்காலத்திலும் அத்தை படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஒரே வழக்கில் இரண்டு பக்கமும் நானே ஆஜரானதால்தான் பார் கவுன்சிலின் இந்த ஒழுங்கு விசாரணை என்று அறிகிறேன். நீதிபதி ஏனோ பதறிப்போனார். நான் இரண்டு பக்கமும் நன்றாகவே வாதாடினேன். ஒரு கட்டத்தில் என் ஆட்சேபணையை நானே ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடைசியாக அந்த வரைபடம். கம்பெனி நிபுணர் போட்ட கோடு ஊருக்கு வெளியே, ஏரிக்கு அப்பாலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து அத்தை வீடு வரை மீதி ஏழு கிலோமீட்டர் நான் போட்டது. ஸ்கேல் வைத்து, பென்சிலைச் சீவி, நேராகப் போட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். தொழிலையும் குடும்பத்தையும் நான் ஒருநாளும் கலந்ததில்லை.