ஒரு தெருவிடம் மட்டும் கேட்ட கேள்வி

முப்பத்தொரு ஆண்டுகள் அரசியல் அறிவியல் துறையில் பணியாற்றி இன்று விடைபெறும் பேராசிரியர் மெஹருன்னிசா அவர்களின் முன், உடன் பணிபுரிந்தோர் எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்.

அன்பும் மதிப்பும் நிறைந்த அம்மையீர்,

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு வரும் காலைப் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னுள்ள இருக்கை உங்களுடையது. நாளை அதில் வேறொருவர் உட்காருவார். துறையில் உங்கள் நாற்காலியும் அப்படித்தான். இந்த வரியில் குரல் உடையக் கூடாது என்று வாசிப்பவர் மூன்று முறை ஒத்திகை பார்த்தார்.

இனம், குடியேற்றம், உரிமை என்று கரும்பலகையில் எழுதுவீர்கள். எதற்கும் விளக்கம் சொல்ல மாட்டீர்கள். "உங்க தெருவுல யார வெளியூர்னு சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள்.

இம்மடலில் உங்கள் நூலைப் புகழ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். புகழவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் உங்களை வழியனுப்ப எங்களுக்குத் தெரியவில்லை.

ஏரிக்கரைக் குப்பங்களில் யார் எப்போது வந்து குடியேறினார்கள், வந்தவர்களுக்கு என்ன உரிமை கிடைத்தது என்பதே உங்கள் ஆய்வு. ஏழு ஆண்டுகள் வீடு வீடாகப் போனீர்கள். ஒரு குப்பத்தின் வடக்குத் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். பழைய ஊரைக் கடல் கொண்டதால் தாத்தா காலத்தில் அங்கே வந்தவர்கள். ஏரியில் வலை கட்டும் இடங்களைக் குப்பத்தார் ஆண்டுதோறும் சித்திரையில் குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பகிர்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். வடக்குத் தெருவுக்கும் அதில் முறை இருந்தது. எழுத்தில் இல்லை; பழக்கத்தில் இருந்தது.

அந்தத் தெருவின் ஒவ்வொரு வாசலிலும், எந்த ஆண்டு வந்தீர்கள் என்று கேட்டீர்கள். அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். நூலின் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அது அட்டவணையாக வந்தது. தலைப்பு, குடியேறியோர்.

மறு ஆண்டு இறால் குறைந்தது. இருக்கிற இடம் எல்லோருக்கும் போதாது என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. யாரோ அந்தப் பக்கத்தின் நகலைக் கொண்டுவந்து வைத்தார்கள். வடக்குத் தெருவின் சீட்டுகள் குடத்தில் போடப்படவில்லை. அன்றிலிருந்து ஒன்பது சித்திரைகள் போய்விட்டன.

செய்தி கேட்ட மறுநாள் வடக்குத் தெருக் கோவிந்தம்மாவிடம் போனீர்கள். உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொன்னவர் அவர்தான். அவர் கத்தவில்லை. மீன் அரிந்துகொண்டே சொன்னாராம்: "நீ கேட்ட, சொன்னேன் டீச்சர். நீ கேக்காம உட்டவங்கல்லாம் இங்கியே மொளச்சவங்களா?"

அன்று மாலை துறைக்கு வந்து உங்கள் வினாத்தாள்களை மேசையில் பரப்பினீர்கள். நாங்களும் பார்த்தோம். தெற்குத் தெருவின் தாள்களில் அந்தக் கேள்வி இல்லை. அவர்கள் ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் சொன்னதால் நீங்கள் கேட்கவில்லை. உங்கள் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்த எங்களில் நால்வருக்கும் அது கண்ணில் படவில்லை. பிழை உங்களுடையது மட்டும் அன்று என்பதை இந்த மேடையில் சொல்கிறோம்.

குப்பத்துக் கூட்டத்தில் நின்று உங்கள் நூலுக்கு எதிராக நீங்களே பேசினீர்கள். தலைவர் பச்சைமுத்து மரியாதையாகவே கேட்டார்: "புக்கு போட்டது நீங்க. அத வெச்சி முடிவு பண்ணிட்டோம். இப்ப இல்லன்னா நாங்க இன்னா பண்றது மா?" பதிப்பகம் திருத்தம் வெளியிடவில்லை. மறுபதிப்பு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். மறுபதிப்பு வரவில்லை.

அதன் பிறகு நீங்கள் வேறு நூல் எழுதவில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் சீட்டுக் குலுக்கும் நாளில் விடுப்பு எடுத்தீர்கள். சீட்டில் பெயர் இல்லாதவர்கள் உட்காரும் வலைக் கொட்டகையில் போய் உட்கார்ந்தீர்கள். முதல் ஆண்டு, உங்கள் முன்னோரும் கப்பலில் வந்த வணிகர்கள்தாம் என்று கோவிந்தம்மாவிடம் சொன்னீர்கள். "அப்போ உனுக்கும் பாடு கெடையாது. வா, இப்டி குந்து" என்று அவர் இடம் விட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பீர்கள்.

கோவிந்தம்மா சென்ற தை மாதம் இறந்தார். அவர் மகன் தாமோதரன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகிறார். வலை வீட்டில் இருக்கிறது. இந்தச் சித்திரையில் கொட்டகையில் உங்கள் பக்கத்து இடம் காலியாக இருந்ததென்று சொன்னீர்கள்.

அம்மையீர், எங்கும் அச்சேறாத உங்கள் திருத்தத்தை இம்மடலில் சேர்த்திருக்கிறோம். உங்கள் சொற்களே:

"எந்த ஆண்டு வந்தீர்கள் என்று ஒரு தெருவிடம் மட்டும் கேட்டேன். மற்றத் தெருக்களிடம் கேட்கவில்லை. என் வீட்டாரிடமும் கேட்கவில்லை. எனவே நூற்றுப் பதினெட்டாம் பக்கம் யார் வந்தவர்கள் என்று சொல்லவில்லை. நான் யாரிடம் கேட்டேன் என்று மட்டுமே சொல்கிறது."

இந்தத் திருத்தத்தை இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒன்று உங்களுக்கு. மற்றொன்று சட்டமிட்டு வலைக் கொட்டகையில் மாட்டுவதற்கு. உங்களைக் கேட்காமல் செய்தோம். தாமோதரனைக் கேட்டுவிட்டுத்தான் செய்தோம். "மாட்டலாம் சார். பாடு குடுப்பாங்களான்னு தெரில. கேக்கறவங்களுக்குக் காட்ட ஒன்னு இருக்கும்" என்றார். இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

முழங்கால் வலி குறையட்டும். கண்பார்வை நிலைக்கட்டும். வடக்குத் தெருவின் சீட்டு குடத்தில் விழும் நாள் வரைக்கும், அதன் பிறகும் பல ஆண்டுகள், நலமாக இருங்கள். அடுத்த சித்திரையில் கொட்டகைக்கு எங்களில் யாராவது உடன் வருவோம்.

இரண்டாம் பிரதியின் சட்டத்தை இன்னும் மூடவில்லை. திருத்தத்தின் கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். பேனா மேசையில் இருக்கிறது.

இங்ஙனம்,
உங்கள் கேள்விகளோடு இங்கேயே இருக்கப்போகும்
அரசியல் அறிவியல் துறையினர், அலுவலகப் பணியாளர்கள்
பொன்னேரி